57 வயதானால் கிளம்ப வேண்டுமா? அமெரிக்க போலீஸ், தீயணைப்பு வீரர்களின் கட்டாய ஓய்வு விதிகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. 65 ஆனாலும் 75 ஆனாலும், வேலையை ஒழுங்காகச் செய்கிறவரை "உங்களுக்கு வயசாயிடுச்சு, கிளம்புங்க" என்று முதலாளி சொல்ல முடியாது. சொன்னால் வழக்குதான். கல்லூரிப் பேராசிரியர் 80 வயதிலும் வகுப்பெடுக்கலாம். ஆனால் அதே நாட்டில் ஓர் எஃப்.பி.ஐ. ஏஜென்டை 57 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நியூயார்க் நகர போலீஸ்காரர் 63 வயதில் போக வேண்டும். அதே நகரத்தின் தீயணைப்பு வீரருக்கு 65 வரை நேரம் இருக்கிறது.

வயதைக் காட்டி வேலையை விட்டுத் தூக்குவது சட்டவிரோதம் என்று சொல்லும் நாட்டில் இது எப்படிச் செல்லுபடியாகிறது? "ஓடவும் ஏறவும் இளம் உடம்பு வேண்டாமா" என்று உடனே தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், உடம்பைவிட பென்ஷன் கணக்குக்குத்தான் அதில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் பொதுச் சட்டம்

1967இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கான பாதுகாப்பு அது. தொடக்கத்தில் 65 வயது வரைதான் பாதுகாப்பு. 1978இல் அது 70 ஆனது. 1986இல் மேல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். பேராசிரியர் 80 வயதிலும் வகுப்பெடுக்க முடிவது இதனால்தான்.

சட்டத்தில் ஒரு சிறிய கதவு உண்டு. ஒரு வேலைக்கு வயது என்பது உண்மையிலேயே இன்றியமையாத தகுதி என்று முதலாளி நிரூபித்தால், வயது வரம்பு வைத்துக்கொள்ளலாம். நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த வயதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லோராலும் வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால், யாரால் முடியும், யாரால் முடியாது என்று ஒவ்வொருவராகச் சோதித்துப் பிரிப்பது நடைமுறைக்கு ஆகாது என்று காட்ட வேண்டும். விமானப் பொறியாளர்களை 60 வயதில் நிறுத்திய ஒரு விமான நிறுவனம், 1985இல் உச்ச நீதிமன்றத்தில் இந்த இடத்தில்தான் தோற்றது.

போலீஸும் தீயணைப்புத் துறையும் இந்தக் கதவு வழியாக வரவில்லை. அவர்களுக்கென்று காங்கிரஸ் தனியாக ஒரு வாசலே வைத்துக் கொடுத்தது. அது திறந்து, மூடி, மறுபடி திறந்த கதை சுவாரசியமானது.

மருத்துவப் பரிசோதனையில் தேறி, நான்கு மாதத்தில் வீட்டுக்கு

மாசசூசெட்ஸ் மாநில போலீஸில் அப்போது ஒரு விதி இருந்தது: சீருடை அதிகாரிகள் 50 வயதில் ஓய்வு பெற வேண்டும். 40 வயதுக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு முழு உடல் பரிசோதனை நடக்கும். ஓர் அதிகாரி அந்தப் பரிசோதனையில் நன்றாகவே தேறியிருந்தார். நான்கு மாதம் கழித்து 50 வயது நிறைந்தது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று துறையே சான்று கொடுத்த பிறகு எதற்காக வெளியேற்றம் என்று அவர் வழக்குப் போட்டார்.

1976இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மர்ஜியா வழக்கு என்று இதைச் சொல்வார்கள். அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவின்படி, இனத்தை வைத்துப் பிரிப்பதைப் போல வயதை வைத்துப் பிரிப்பதைக் கடுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற உடல் வலு பொதுவாகக் குறைகிறது, ஆகவே அரசின் விதிக்கு நியாயமான ஓர் அடிப்படை இருக்கிறது, அவ்வளவு போதும் என்றது நீதிமன்றம். விதி புத்திசாலித்தனமானது என்று நீதிபதிகள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரசியலமைப்பு அதைத் தடுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படியானால் மிச்சம் இருப்பது 1967 சட்டம். 1974இல் அதை மாநில, நகர அரசுகளுக்கும் காங்கிரஸ் நீட்டித்திருந்தது. மாநிலங்களுக்கு அது பிடிக்கவில்லை. "எங்கள் ஊழியரை எப்போது அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்" என்றன. வயோமிங் மாநிலத்தில் வனவிலங்குக் காவல் மேற்பார்வையாளர் ஒருவரை 55 வயதில் ஓய்வு பெற வைத்தபோது அந்தத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 மார்ச் 2ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மத்தியச் சட்டம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அடுத்து பால்டிமோர். தீயணைப்பு வீரர்களை 55 வயதில் அனுப்பிய அந்த நகரம் ஒரு வாதம் வைத்தது: "மத்திய அரசே தன் தீயணைப்பு வீரர்களுக்கு 55 என்றுதானே வைத்திருக்கிறது? அப்படியானால் அந்த வேலைக்கு 55 என்பது நியாயமான தகுதிதானே?" கேட்கச் சரியாகத்தான் இருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தது. மத்திய அரசின் 55 என்ற எண், அந்த வயதுக்கு மேல் ஒருவரால் தீயணைக்க முடியாது என்று ஆராய்ந்து கண்ட முடிவு கிடையாது. அது தன் ஊழியர்களுக்காகக் காங்கிரஸ் எடுத்த ஒரு நிர்வாக முடிவு, அதைக் காட்டி நகரம் தப்பிக்க முடியாது என்றது. கட்டாய ஓய்வு பற்றிய தீர்ப்புகளில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். இந்த வயது எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை உச்ச நீதிமன்றமே போட்டு உடைத்துவிட்டது.

திறந்த வாசல், மூடிய வாசல்

மாநிலங்களும் நகரங்களும் காங்கிரஸிடம் முறையிட்டன. 1986இல் வயது மேல் வரம்பை நீக்கிய அதே சட்டத் திருத்தத்தில், இரண்டு தரப்புக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள்: நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர்கள், போலீஸ், தீயணைப்புத் துறையினர். இரண்டுமே 1993 டிசம்பர் 31 வரை. அதற்குள் வயதுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராயவும் உத்தரவிட்டார்கள்.

போலீஸ், தீயணைப்புப் பணிகளைப் பற்றிய ஆய்வை பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு செய்து 1992இல் முடித்தது. ஒருவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று கணிக்க வயது நல்ல அளவுகோல் ஆகாது, நேரடிச் சோதனைகளே மேல் என்பது அதன் முடிவு.

சொன்ன தேதியில் இரண்டு விலக்குகளும் காலாவதியாயின. பேராசிரியர்களுடையது அத்தோடு போயிற்று. போலீஸ், தீயணைப்புத் துறைக்கு மட்டும் 1996 செப்டம்பர் 30 அன்று விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதுவும் 1993 கடைசியிலிருந்தே அமலில் இருந்ததாகப் பின்தேதியிட்டு. இந்த முறை காலவரம்பு ஏதும் இல்லை. வயதுக்குப் பதிலாக எந்தச் சோதனைகளை வைக்கலாம் என்று ஆராயும் பொறுப்பையும் அதே சட்டம் சுகாதாரத் துறையிடம் கொடுத்தது. ஆய்வு வயதுக்கு எதிராகச் சொல்லியும் விலக்கு ஏன் திரும்பி வந்தது? நடைமுறை அரசியல்தான். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சோதனை கைவசம் இல்லை. சோதனை வைத்தால் 35 வயதுக்காரரும் தோற்கலாம், பெண் ஊழியர்கள் அதிகம் பாதிக்கப்பட்டால் அது வேறு வழக்கு. பிறந்த தேதியில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இன்று நடப்பில் உள்ள அந்த விலக்கின் நிபந்தனைகள் சுருக்கமாக இவை. வயது வரம்பு, மாநில அல்லது உள்ளூர்ச் சட்டத்தில் 1983 மார்ச் 3 அன்று இருந்ததாக இருக்க வேண்டும். அதாவது வயோமிங் தீர்ப்புக்கு மறுநாள். 1996 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக இயற்றுவதாக இருந்தால், ஓய்வு வயது குறைந்தது 55 இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் உண்மையான ஒரு ஓய்வுத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பிடிக்காத ஆளைக் கழற்றிவிட அதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் "வைத்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்கிறது, "வைத்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே போலீஸ் ஓய்வு வயது கிடையாது. சிகாகோவில் போலீஸுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் 63. மாசசூசெட்ஸில், ஒரு காலத்தில் 50 இருந்த இடத்தில், இப்போது 65. நியூ ஜெர்சியில் மாநில போலீஸ்காரர் 55 வயதில் இறங்க வேண்டும். அதே மாநிலத்தின் நகராட்சி போலீஸ்காரர் 65 வரை இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே நெடுஞ்சாலையில் ஒரே விபத்துக்கு வந்து நிற்கலாம். உடல் வலுதான் காரணம் என்றால் இந்தப் பத்து வருட வித்தியாசத்தை எப்படி விளக்குவது? வரம்பே வைக்காத ஊர்களும் உண்டு.

57 என்ற எண் எங்கிருந்து வந்தது

மத்திய அரசுப் பணியில் கணக்கு பளிச்சென்று தெரியும். எஃப்.பி.ஐ., எல்லைக் காவல், சிறைத் துறை, வனத் தீயணைப்பு போன்ற பணிகளில் ஓய்வு வயது 57. மத்திய அரசுத் துறைகள் பெரும்பாலும் 37 வயது நிறைவதற்குள் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்கின்றன. முழு பென்ஷனுக்கு 20 ஆண்டு சேவை வேண்டும். முப்பத்தேழோடு இருபதைக் கூட்டினால் 57. இதில் மருத்துவர் யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை. 1974இல் வந்த விதியில் இந்த வயது 55 ஆக இருந்தது. சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கு அதை 57 ஆக்கியது 1990இல். தீயணைப்பு வீரர்கள் 2001 வரை 55இலேயே இருந்தார்கள்.

இருபது ஆண்டு நிறைவதும் 57 நிறைவதும், இரண்டில் எது பிந்தியதோ அந்த மாதத்தின் கடைசி நாளில் வேலை முடியும். 30 வயதில் சேர்ந்தவருக்கு 50 வயதில் 20 ஆண்டு முடிந்துவிடும். அவர் விரும்பினால் அப்போதே போகலாம், இல்லையென்றால் 57 வரை இருக்கலாம். ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு நுழைவு வயதில் தளர்வு உண்டு. அப்படி 42 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 57இல் 15 ஆண்டுதான் ஆகியிருக்கும். அவரை அப்போது அனுப்ப முடியாது. 62 வரை அவர் அந்த வேலையில் இருப்பார். உடம்பு 57இல் தளர்ந்துவிடும் என்பதுதான் விதியின் உயிர்நாடி என்றால், இந்த ஆளை 62 வரை விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது பணத்தைப் பாருங்கள். சாதாரண மத்திய அரசு ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும், அதிகச் சம்பளம் வாங்கிய தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளின் சராசரியில் 1 சதவீதம் பென்ஷனாகச் சேரும். இந்தப் பணிகளில் இருப்பவர்களுக்கு முதல் 20 ஆண்டுக்கு 1.7 சதவீதம். சராசரிச் சம்பளம் ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டு வேலை செய்த சாதாரண ஊழியருக்கு வருடம் 20,000 டாலர் வரும். ஏஜென்டுக்கோ தீயணைப்பு வீரருக்கோ 34,000. சாதாரண ஊழியர் 20 ஆண்டு சேவையோடு முழு பென்ஷன் வாங்க 60 வயது வரை காத்திருக்க வேண்டும். இவர்கள் 50 வயதிலேயே வாங்கலாம். அதற்காகச் சம்பளத்தில் கூடுதலாக அரை சதவீதம் கட்டுகிறார்கள்.

சீக்கிரம் போக வேண்டும், போனால் கை நிறையக் கிடைக்கும் என்பதுதான் இங்கே பேரம். தொழிற்சங்கங்கள் பல இந்த வயது வரம்பை எதிர்க்காததற்குக் காரணமும் இதுதான். வரம்பை எடுத்துவிட்டால் "70 வரை வேலை செய்ய முடிகிறவர்களுக்கு 50 வயதில் எதற்கு பென்ஷன்?" என்ற கேள்வி அடுத்த நாளே கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். கீழே இருப்பவர்களுக்குப் பதவி உயர்வுக்கு இடம் காலியாவதும் சேர்ந்த லாபம்.

உடம்புக்கும் பங்கு உண்டு

அதற்காக உடல் தகுதி வெறும் சாக்கு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் ஆள் எடுக்கும்போது பரவலாக வைக்கும் உடல்திறன் சோதனை ஒன்று இருக்கிறது. எட்டுக் கட்டங்கள், 10 நிமிடம் 20 நொடி. சுமார் 23 கிலோ எடையுள்ள சட்டையைப் போட்டுக்கொண்டுதான் முழுவதையும் முடிக்க வேண்டும். முதல் கட்டத்தில் அதற்கும் மேல் தோளில் 11 கிலோ ஏற்றி, நகரும் படிக்கட்டுக் கருவியில் நிமிடத்துக்கு 60 படி வேகத்தில் மூன்று நிமிடம் ஏற வேண்டும். இறங்கிய கையோடு தண்ணீர்க் குழாயை இழுக்க வேண்டும். பிறகு ஏணி தூக்குவது, சுவர் உடைப்பது, ஆள் எடையுள்ள பொம்மையை இழுத்துக்கொண்டு வருவது என்று போகும். இது 25 வயதுக்காரரையே மூச்சுத் திணற வைக்கும்.

பணியில் இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரைக் கொல்வது நெருப்பு அல்ல, இதயம். சுமார் 45 சதவீத மரணங்களுக்கு இதய நோய் காரணம் என்று 2007இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற இதய நோய் ஆபத்து கூடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நிற்கும் சகாவின் உயிரும் இவர் இதயத்தை நம்பியே இருக்கிறது.

ஆனாலும் இதயத்தைச் சோதிக்க வழி இருக்கும்போது பிறந்த தேதியைச் சோதிப்பது சோம்பேறித்தனமாகத்தான் எனக்குப் படுகிறது. மேலே சொன்ன 10 நிமிடச் சோதனை வேலையில் சேரும்போது நடப்பது. சேர்ந்த பிறகு அதே அளவு கடுமையோடு ஆண்டுதோறும் நடத்தாத துறைகள் நிறைய. 45 வயதில் உடம்பைக் கவனிக்காமல் விட்டவர் உள்ளேயே இருப்பார். 57இல் தினமும் ஓடுகிறவர் வெளியே போவார்.

யார் யாருக்கு இது பொருந்தாது

அவசரத்துக்கு வந்து நிற்கும் எல்லோருக்கும் இந்த விலக்கு பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தில் இரண்டே வகைதான்: தீயை அணைப்பதும் அதற்கான கருவிகளைக் கையாள்வதும் முதன்மை வேலையாக உள்ளவர்கள், குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்களையும் தண்டிக்கப்பட்டவர்களையும் விசாரிப்பது, பிடிப்பது, காவலில் வைப்பது முதன்மை வேலையாக உள்ளவர்கள். சிறைக் காவலர்கள் இரண்டாவது வகையில் வருவார்கள்.

ஆம்புலன்ஸில் மட்டும் வேலை பார்க்கும் பாராமெடிக் இந்த இரண்டிலும் இல்லை. அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்தால் போனை எடுப்பவரும் இல்லை. அவர்களுக்குப் பொதுச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் உண்டு. வயது காரணமாக அனுப்ப வேண்டுமானால் முன்பு சொன்ன அந்தச் சிறிய கதவு வழியாக நிரூபித்துத்தான் அனுப்ப வேண்டும். மாடிப்படியில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஒன்றும் லேசான வேலை இல்லை என்பதை யோசித்தால், இந்தப் பிரிவினை எவ்வளவு விசித்திரமானது என்று புரியும்.

ஷெரிஃப், அதாவது மாவட்ட அளவிலான போலீஸ் தலைவர், கதை இன்னொரு வேடிக்கை. பெரும்பாலான ஊர்களில் ஷெரிஃபை மக்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தின்படி "ஊழியர்" ஆக மாட்டார். அதனால் கீழே வேலை பார்க்கும் துணை ஷெரிஃப் வயது வரம்பால் போன பிறகும், அவரைவிட மூத்த ஷெரிஃப் நாற்காலியில் இருக்க முடியும்.

சின்ன ஊர், நாலு பேர் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையம், அங்கேயுமா சட்டம் வரும்? வரும். தனியார் நிறுவனம் என்றால் 20 பேராவது வேலை பார்த்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் அரிசோனாவின் மவுன்ட் லெமன் தீயணைப்பு மாவட்டம், பணத் தட்டுப்பாட்டைச் சொல்லி, இருந்தவர்களிலேயே வயதில் மூத்த இரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தபோது, அரசு அமைப்புகளுக்கு அந்த எண்ணிக்கைச் சலுகை கிடையாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவருக்கு வயது 46, மற்றவருக்கு 54.

நாள் நெருங்கும்போது

மத்திய அரசுப் பணியில் குறைந்தது 60 நாளுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு தாமதமானால், ஊழியர் சம்மதிக்காதவரை, அந்த 60 நாள் முடிகிற மாதத்தின் கடைசி நாள் வரை அனுப்ப முடியாது. துறைத் தலைவர் பொதுநலன் கருதி 60 வயது வரை நீட்டிப்புக் கொடுக்கலாம். அதற்கு மேலும் வேண்டுமானால் ஜனாதிபதியின் உத்தரவு வேண்டும். ஜனாதிபதி விலக்கு கொடுப்பது புதிதில்லை. எல்லா மத்திய அரசு ஊழியர்களுக்கும் 70 வயது வரம்பு இருந்த காலத்தில், எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்கு 1964இல் ஜனாதிபதி ஜான்சன் அதிலிருந்து விலக்கு அளித்தார். 1972இல் 77 வயதில் இறக்கும்வரை ஹூவர் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

நுழைவு வயதும் இதேபோல வளையும். குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸுக்கு அவசரமாக ஆள் எடுக்க வேண்டியிருந்தபோது, 2025 ஆகஸ்டில் விண்ணப்பதாரர்களுக்கான வயது வரம்பைத் தளர்த்துவதாக அரசு அறிவித்தது.

ஓய்வு வயது வந்தவர் அரசு வேலையையே விட வேண்டும் என்பதில்லை. விதி கட்டுவது அந்தப் பதவியை, ஆளை இல்லை. துப்பாக்கியும் பேட்ஜும் தேவைப்படாத, சிறப்பு பென்ஷன் வகையில் வராத ஒரு பதவிக்கு அதே துறையில் இடம் இருந்தால், 57ஆவது பிறந்தநாளுக்கு முன்பே அதற்கு மாறிக்கொண்டு தொடரலாம். அப்படி மாறுவதற்கு முன்னால் 20 ஆண்டு நிறைந்துவிட்டதா என்பதைத் துறையின் பென்ஷன் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு மாதம் குறைந்தாலும் அந்த 1.7 சதவீதக் கணக்கு கைநழுவும்.